உதடு தைத்தாயிற்று, அடுத்த அறுவை எப்போது?

[காட்சி: ஒரே குழந்தையின் முகம், கோட்டோவியமாக. 4 மாதம், 5 வயது, 10 வயது, 17 வயது.]

உதட்டுப்பிளவோடு பிறந்த குழந்தைக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் உதட்டைத் தைத்துவிடுகிறார்கள். அத்தோடு முடிந்தது என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். ஆனால் உதடும் மூக்கும் தாடையும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கைக்குழந்தைக்குச் சரியாக அமைந்த தையல், 5 வயதில் இழுக்கலாம். முதல் அறுவை தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள்.

[காட்சி: உதட்டின் அண்மைக்காட்சி]

தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்து, உதட்டை மேலே தூக்கும். அது இளக ஓராண்டாவது வேண்டும். அவசரப்பட்டுத் திருத்தக் கேட்காதீர்கள். ஆறிய தழும்பை மருத்துவர் காட்டித்தந்தபடி நீவிவிடுங்கள். நம் சிங்கப்பூர் வெயிலில் சன்ஸ்கிரீன் தடவாமல் விளையாட விட்டால் தழும்பு கறுத்துவிடும்.

பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். தழும்பின் ஓரத்தில் சதை உருண்டு திரண்டால், வாயைச் சுற்றியுள்ள தசை உள்ளே சரியாகச் சேரவில்லை என்று பொருள். அப்போது தோலை மட்டும் திருத்திப் பயனில்லை. உதட்டைத் திறந்து தசையையே இணைக்க வேண்டும். தொடக்கநிலை 1 சேர்வதற்கு முந்தைய ஆண்டு இதற்குத் தோதான காலம்.

[காட்சி: மூக்கின் கீழே சிறு கண்ணாடி]

அண்ணத்திலும், அதாவது வாயின் மேற்கூரையிலும், பிளவு இருந்த பிள்ளை என்றால், 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா' சொல்லச் சொல்லுங்கள். 'பாப்பா' என்பது 'மாம்மா' போல ஒலித்தாலோ, மூக்கடியில் பிடித்த கண்ணாடி மங்கினாலோ, காற்று மூக்கு வழியாகப் போகிறது. அண்ணம் தொண்டையின் பின்சுவரை எட்டாதபோது பேச்சுப் பயிற்சி மட்டும் அதைச் சரிசெய்யாது. வீட்டில் தமிழ் பேசினால், எந்தச் சொற்கள் சறுக்குகின்றன என்று பேச்சு சிகிச்சையாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

[காட்சி: மேல் ஈறு, பிளவின் இடைவெளி, மேலே இறங்கக் காத்திருக்கும் கோரைப்பல்]

இனி, பெற்றோர் அதிகம் தள்ளிப்போடும் அறுவை: ஈறில் உள்ள பிளவில் எலும்பு வைத்தல். பிளவு உதட்டோடு நின்ற பிள்ளைக்கு இது தேவையில்லை. ஈறுவரை போயிருந்தால் அங்கே எலும்பே இல்லை. பல் இறங்க இடமில்லை. இடுப்பெலும்பிலிருந்து பஞ்சு போன்ற உள்ளெலும்பைச் சுரண்டி எடுத்து அதில் நிரப்புவார்கள்.

நேரத்தைத் தீர்மானிப்பது கோரைப்பல்தான். அதன் வேர் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்து, பல் இன்னும் இறங்காதபோது செய்ய வேண்டும். பெரும்பாலும் 8 முதல் 11 வயது. வைத்த எலும்புக்குள் பல் இறங்கினால் அந்த எலும்பு நிலைக்கும். வேலை இல்லாத எலும்பு கரைந்துபோகும். ஆகவே 'தொடக்கநிலை 6 தேர்வு முடியட்டும்' என்று காத்திருந்தால், அதற்குள் பல் இறங்கிவிடலாம். 3ஆம் அல்லது 4ஆம் வகுப்பின் ஆண்டிறுதி விடுமுறையைக் கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன்னேற்பாடு உண்டு. குறுகிய மேல்தாடையைப் பல்சீரமைப்பு மருத்துவர் சில மாதங்கள் கம்பி போட்டு விரிப்பார். பிளவில் அதிகப்படியாக முளைத்த பல்லைச் சில வாரங்களுக்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள், ஈறு ஆற வேண்டுமே. சொத்தைப்பல்லும் வீங்கிய ஈறும் இருந்தால் தையல் பிரிந்து, எலும்பு வெளியே தெரிந்து, கிருமி தொற்றும். அறுவை வீணாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. பல் தேய்ப்பதில் கண்டிப்பாக இருங்கள்.

அறுவைக்குப் பின் வாயைவிட இடுப்புதான் வலிக்கும். ஒன்றிரண்டு வாரம் நொண்டி நடப்பார்கள். முதலில் கஞ்சி, பிறகு சில வாரங்கள் குழைந்த சோறு, இட்லி. முறுக்கு கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. உடற்கல்வி வகுப்புக்கு விலக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

[காட்சி: பக்கவாட்டு முகம்]

மூக்குக்கும் தாடைக்கும் அறுவை, வளர்ச்சி நின்றபிறகு. மேல்தாடை பின்தங்கியிருந்தால் முதலில் அதை முன்னே நகர்த்துவார்கள். மூக்கு அதன்மேல் உட்கார்ந்திருப்பதால், மூக்கைத் திருத்துவது பிறகுதான். ஆண்பிள்ளைகளுக்கு இது தேசியச் சேவை நெருங்கும் வயது. அறுவை மிச்சமிருந்தால், சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக்கு மருத்துவரின் கடிதத்தோடு அனுப்புங்கள்.