மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்

நேயர்களுக்கு வணக்கம். வீடு வாங்கும்போது முன்பணம் கட்டியாகிவிடும், மீதியை எந்தக் கணக்கில் போடுவது என்று தகவலுக்குக் காத்திருப்போம். திருடன் குறிபார்ப்பது அந்த நேரத்தைத்தான்.

2019இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பெண்மணி 60 லட்சம் ராண்டுக்கு வீடு வாங்கினார். முன்பணம் 5 லட்சம். அதற்கான கணக்கு விவரத்தை அனுப்பிய வீட்டுத் தரகு நிறுவனம், மின்னஞ்சல் மோசடி நடக்கிறது, ஒருமுறை பேசி உறுதி செய்துகொள்ளுங்கள் என்றும் எச்சரித்திருந்தது. அவரும் போனில் கேட்டுவிட்டுத்தான் கட்டினார். ஆகஸ்டில் மீதி 55 லட்சம் ராண்ட் கட்ட வேண்டியிருந்தது. வீட்டை அவர் பெயருக்கு மாற்றும் வேலையைப் பார்த்த வழக்கறிஞர் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உண்மையில் அந்தப் பெண்மணியின் மின்னஞ்சல் பெட்டிக்குள் புகுந்திருந்த ஒருவன், கணக்கு எண்ணை மாற்றி அனுப்பியிருந்தான். இந்த முறை அவர் போன் செய்து சரிபார்க்கவில்லை. வங்கிக்கு நேரில் போய்ப் பணத்தை அனுப்பிவிட்டார்.

அந்த வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். இப்படி மோசடி நடப்பது தெரிந்தும், எச்சரிக்காமல், பாதுகாப்பில்லாத மின்னஞ்சலில் கணக்கு விவரம் அனுப்பியது கவனக்குறைவு, பணத்தை நிறுவனமே ஈடுகட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அவர் அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர் அல்ல. ஊடுருவப்பட்டது அவருடைய மின்னஞ்சல்தான். முன்பணத்துக்குச் சரிபார்த்தவர் மீதிக்கும் சரிபார்த்திருக்கலாம். மின்னஞ்சலில் கணக்கு விவரம் அனுப்பும் ஒவ்வொருவரையும் இதற்குப் பொறுப்பாக்கினால் அதற்கு எல்லையே இராது என்றது நீதிமன்றம்.

சட்டப்படி இந்தத் தீர்ப்பு சரிதான் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் மனம் ஆறவில்லை. பெரிய தொகையைக் கேட்கும் ஒரு நிறுவனம் அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி எச்சரிக்கை சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அமெரிக்காவில் வேறு மாதிரி ஒரு வழக்கு. ஒரு கார் விற்பனையாளர் இன்னொருவரிடம் 20 கார்கள் வாங்கி, 7 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் திருடனுக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஊடுருவப்பட்டது விற்றவரின் மின்னஞ்சல். கீழ் நீதிமன்றம் வாங்கியவரையே மறுபடி கட்டச் சொன்னது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மோசடியைத் தடுக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் இருந்தது என்று விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது.

சரி, நம் ஊரில்? ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் யாரோ பணத்தை எடுத்துவிட்டால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. பலர் இதை நம்பி என்னிடம் வருகிறார்கள். அந்தப் பாதுகாப்பு நீங்கள் அனுமதிக்காத பரிவர்த்தனைக்கு. ஏமாந்துபோய் அனுப்பினாலும், அனுப்பியது நீங்கள்தானே? விற்றவர் கையில் பணம் சேராதவரை அவருக்குத் தர வேண்டிய கடனும் பொதுவாக அப்படியே நிற்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட்டில் நீங்கள் பெறுநர் பெயரைச் சரியாக எழுதினாலும், பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். அதனால்தான் 2025 ஏப்ரல் 1-க்குள், அனுப்புவதற்கு முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கட்டணம் கிடையாது. அந்தப் பெயரைப் படித்துப் பாருங்கள். வேறு பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் விற்பவரைக் கூப்பிடுங்கள். மின்னஞ்சலில் கொடுத்திருக்கும் எண் வேண்டாம், அதுவும் திருடனுடையதாக இருக்கலாம்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அந்தப் பரிவர்த்தனைக்கு வங்கி தரும் யூடிஆர் எண்ணைக் கையில் வைத்திருங்கள். திருடன் எடுப்பதற்குள் அந்தக் கணக்கை முடக்க முடிந்தால் பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டு. அப்புறம், ஆத்திரத்தில் அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். யாருடைய பெட்டிக்குள் திருடன் புகுந்தான் என்பதை நீதிமன்றத்தில் காட்ட அது வேண்டும்.