கணக்கில் வராத எலிகள்

(யாழ்ப்பாணத்தில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம்.

ஆய்வகங்களில் பரிசோதனைக்கு ஆளாகும் விலங்குகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாம்புக்கடியிலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போன கமக்காரரைப் புடையன் தீண்டினால், பெரியாஸ்பத்திரியில் அவருக்கு ஏற்றும் விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். அதன் உடல் நஞ்சை எதிர்க்கப் பழகியதும் இரத்தத்தை எடுத்து, அதிலிருந்து மருந்தைப் பிரிப்பார்கள். எங்கள் ஊர்களில் இன்று உயிரோடு நடமாடும் எத்தனையோ தகப்பன்மார் அந்தக் குதிரைகளுக்குக் கடன்பட்டவர்கள். ஆகவே எல்லா ஆய்வகங்களையும் நாளைக்கே பூட்டுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கடன்பட்டவர்கள் கேட்கத்தானே வேண்டும்: அந்தக் குதிரையின் தொழுவத்தை யார் போய்ப் பார்க்கிறார்கள்? ஒருமுறை இரத்தம் எடுத்தபின் அதற்கு எத்தனை நாள் ஓய்வு கொடுக்கிறார்கள்? இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், பரிசோதனைகளைக் கண்காணிக்கவென்றே ஒரு குழுவை அமைக்க வழி செய்திருக்கிறது.

எங்கள் நாட்டில் இருப்பது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். வண்டில் மாட்டையும் சுமை இழுக்கும் குதிரையையும் மனதில் வைத்து வெள்ளைக்காரர் எழுதியது. வதைக்கு அது விதிக்கும் தண்டப்பணம் கூடியது 100 ரூபாய். ஆய்வகக் கூண்டு அதன் கண்ணிலேயே படவில்லை. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைவு கொடுத்தது. அதற்குப் பின் எத்தனையோ அரசாங்கங்கள் வந்து போய்விட்டன.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே 1966இல் ஆய்வக விலங்குகளுக்குச் சட்டம் வந்தது. 1970இல் அதை இளஞ்சூட்டுக் குருதி விலங்குகளுக்கு விரித்தார்கள். ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டிய விவசாயத் திணைக்களமே, எலி, சுண்டெலி, பறவை மூன்றையும் ஒரு விதிமுறையால் வெளியே தள்ளியது. ஆய்வகங்களில் மிகப் பெரும்பான்மை எலியும் சுண்டெலியும்தான்! விலங்கு உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன. 1992இல் வென்றன. 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வழக்காட உங்களுக்கு உரித்தில்லை என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. எலி நீதிமன்றம் ஏற முடியாது. எலிக்காக ஏறியவர்களையும் வாசலில் மறித்தார்கள்.

பிள்ளைகளே, அடுத்து நடந்ததை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் தன் கையால் எலிகளைக் கையாண்ட ஒரு உளவியல் மாணவி வழக்காளியாக முன்வந்தார். அவற்றின் துன்பத்தைக் கண்ணால் கண்டவர் என்பதால், வழக்காட அவருக்கு உரித்து உண்டு என்று 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. திணைக்களமும் இறங்கிவந்து, விதியை மாற்றுவதைப் பரிசீலிக்க உடன்பட்டது. ஆய்வுத்துறையின் செல்வாக்கு அதைப் பொறுக்கவில்லை. 2002இல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், விவசாயச் சட்டமூலம் ஒன்றுக்குள் ஒரு திருத்தத்தைச் செருகினார். ஆய்வுக்கென்று வளர்க்கப்படும் எலி, சுண்டெலி, பறவை மூன்றையும் அந்தச் சட்டத்தின் பார்வையில் விலங்கே அல்ல என்று ஆக்கியது அந்தத் திருத்தம். இன்றுவரை அவற்றில் ஆண்டுக்கு எத்தனை மடிகின்றன என்று அந்த அரசாங்கத்திடம் கணக்கில்லை. எனக்கு இதில் நெஞ்சு பொறுக்காதது அந்தச் சாவுகள் மட்டுமல்ல, அவற்றை எண்ணவே தேவையில்லை என்று எழுதிவைத்ததுதான்.

பிரித்தானியா 1998இல் அழகுசாதனப் பொருட்களுக்காக விலங்குகளில் பரிசோதிப்பதை நிறுத்தியது. 2019இல், மக்களுக்கு எதுவும் அறிவிக்காமல், இரசாயனப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி மறுபடி அனுமதி கொடுக்கத் தொடங்கியது. விலங்கு நல அமைப்பொன்று வழக்கு வைத்தது. 2023 மே மாதத்தில் தோற்றது. ஆனால் அந்த வழக்கால்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதே மாதத்துக்குள் அரசாங்கம் அனுமதிகளை மீண்டும் நிறுத்துவதாக அறிவித்தது. தோற்ற வழக்கும் வேலை செய்யும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு இது புதிய வேலை அல்ல. கோயில்களில் ஆடு வெட்டுவதை எதிர்த்து ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த மண்ணில் குரல் கொடுத்தார். வேள்வி என்று நாங்கள் சொல்லும் அந்த ஆட்டுப்பலி விவகாரம் எங்கள் காலத்தில் யாழ். மேல் நீதிமன்றத்துக்கும் போனது. அதில் இந்த அவையிலேயே இரண்டு கருத்து இருக்கும். ஆனால் வேள்வி ஊர் பார்க்க நடக்கிறது. ஆய்வகக் கதவு பூட்டியிருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுக்கள் உண்டு. அவற்றில் மனச்சாட்சி உள்ள அறிஞர்கள் உண்டு. அவர்களுடைய கையைப் பலப்படுத்தச் சட்டம் வேண்டும். புதிய சட்டம் எப்போது நாடாளுமன்றத்துக்கு வந்தாலும், எலியிலிருந்து குரங்குவரை எல்லா ஆய்வக விலங்கும் அதற்குள் அடங்க வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் கால்நடை வைத்தியருக்கு வேண்டும். ஆண்டுக்கணக்கு பகிரங்கமாக வெளிவர வேண்டும். விலங்கின் துன்பத்தைக் கண்ட எந்தக் குடிமகனும் குடிமகளும் வழக்குப் போட உரித்து வேண்டும். விலங்கில்லாமல் செய்யக்கூடிய ஆய்வை விலங்கில் செய்யக்கூடாது. தவிர்க்க முடியாதபோது எண்ணிக்கையையும் வேதனையையும் குறைக்க வேண்டும் என்று ரசல், பேர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் 1959இலேயே வகுத்துவிட்டார்கள். அதுவும் சட்டத்தில் ஏற வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை எங்கள் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதம் வாசலடி மேசையில் இருக்கிறது. வாசித்துப் பாருங்கள். உடன்பட்டால் கையெழுத்து வையுங்கள். உடன்படாதவர்கள் இப்போதே எழுந்து கேளுங்கள், பதில் சொல்ல நிற்கிறேன்.