கூடைக்கு விலை சொல்லுபவர் யார்?

அவைத் தலைவர் அவர்களே, அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, சுயதொழில் செய்துவரும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

"ஆப்பிரிக்கப் பெண் கைவினைஞர்களும் வணிகக் கல்வியும்" என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம்; அதை ஒரே ஊரைப்போலப் பாவித்துப் பேசுவது மேடைகளில் எளிதாக நேர்ந்துவிடுகிறது. ஆகவே நான் பெரும்பாலும் ஓர் ஊரிலேயே நிற்கப்போகிறேன். கானா நாட்டின் வடகிழக்கில், பர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டிய பகுதியில் இருக்கும் போல்காடாங்காதான் அந்த ஊர். அங்கே பின்னப்படும் புல் கூடைகள் "போல்கா கூடை" என்ற பெயரில் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் விற்கின்றன.

அந்தப் பகுதிக்கு ஆண்டில் ஒரே ஒரு மழைக்காலம். கம்பும் சோளமும் அறுவடையான பிறகு நீண்ட வறட்சி தொடங்கிவிடும்; இளைஞர்கள் பலர் வேலை தேடித் தெற்கே குமாசிக்கும் அக்ராவுக்கும் போய்விடுவார்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு அந்த மாதங்களில் காசு காட்டும் தொழில் கூடை பின்னுவது. இதை யாரும் வெளியிலிருந்து போய்க் கற்றுக்கொடுக்கவில்லை. தாயிடமிருந்தும் அண்டை வீட்டாரிடமிருந்தும் வந்த வித்தை அது.

அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு புல்லையும் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, அந்த இரு இழைகளையும் உருட்டி மறுபடி ஒன்றாக முறுக்குகிறார்கள். அப்போதுதான் இழைக்கு உறுதி வரும். முறுக்கிய இழைகளில் ஒரு பகுதியைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்து உலர்த்துகிறார்கள். பிறகு அடிப்பாகத்தில் தொடங்கி மேல்நோக்கிப் பின்னி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கிறார்கள். கைப்பிடிக்கு ஆட்டுத்தோல் சுற்றுவது தோல்வேலை தெரிந்தவரின் பங்கு. கப்பலில் இடம் மிச்சப்படுத்துவதற்காகக் கூடையைத் தட்டையாக அமுக்கி அனுப்புகிறார்கள். வாங்கியவர் தண்ணீரில் நனைத்துக் கையால் வளைத்தால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அவ்வளவு நேர்த்தியான பொருளைச் செய்யும் பெண்ணுக்குப் "பயிற்சி அளிக்கிறோம்" என்று நாம் சொல்லும்போது, எதில் பயிற்சி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அவளுக்குக் குறையாக இருப்பது கணக்கு. புல்லுக்கும் சாயத்துக்கும் கொடுத்த காசு அவள் கண்ணுக்குத் தெரிகிறது. புல்லைக் கிழிக்கவும் முறுக்கவும் பின்னவும் செலவான நாட்கள் தெரிவதில்லை. தன் உழைப்புக்குக் கூலி போடாமல் விலை சொல்லும் எவரும் விற்கும்போதே நஷ்டப்படுகிறார்கள். போல்காடாங்காவில் சந்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கூடுகிறது. பொழுது சாயும் நேரத்தில் விற்காத கூடையோடு நிற்பவளிடம் தரகர் கேட்பதுதான் விலை. போதாததற்கு, காட்டுத்தீயாலும் மேய்ச்சலாலும் உள்ளூரில் புல் அருகிவிட்டதால், இப்போது புல்லே தெற்கு மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது. மூலப்பொருளின் விலையும் அவள் கையில் இல்லை, விற்பனை விலையும் அவள் கையில் இல்லை. நடுவில் இருக்கும் வேலை மட்டும் முழுக்க அவளுடையது.

அப்படியானால் பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்தால் போதுமா? போதாது என்பதற்குப் பக்கத்து நாடான டோகோவிலேயே சான்று இருக்கிறது. தலைநகர் லோமேயில் 1,500 சிறுதொழில் முனைவோரை மூன்று பிரிவாக்கி ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கணக்கு வைத்தல், சந்தைப்படுத்தல் என வழக்கமான வணிகப் பாடம். இன்னொரு பிரிவினருக்குத் தாமாக முன்வந்து செயல்படுவது, புதிய வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் மாற்று வழி காண்பது என்ற மனப்பாங்குப் பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. 2017இல் முடிவுகள் வெளியாயின. மனப்பாங்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. பெண்களை மட்டும் பார்த்தால் உயர்வு 40 சதவீதம்; வழக்கமான பாடம் படித்த பெண்களுக்கோ வெறும் 5 சதவீதம்தான். கரும்பலகையும் சான்றிதழும் குழுப் புகைப்படமுமாக முடிந்துவிடும் பயிலரங்குகளை நடத்துபவர்கள் (நானும் சிலவற்றில் அமர்ந்திருக்கிறேன்) இந்த எண்களை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கணக்கு தெரிந்தபின் அதைக் கொண்டு விலை பேச நெஞ்சுரமும் கையில் கொஞ்சம் காசும் வேண்டும் என்பதே என் வாதம். அந்தக் காசுக்கு மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களே வழி வைத்திருக்கிறார்கள். கானாவில் "சூசூ" என்றால் நம் ஊர்ச் சீட்டுக்கு நெருங்கிய உறவு. நைஜர் நாட்டில் 1991இல் கேர் (CARE) என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் உருவான கிராமச் சேமிப்புக் குழுக்களில், பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று பெண்களிடம் இருக்கும். மூவரும் கூடி, அனைவர் முன்னிலையிலும்தான் பெட்டி திறக்கும். அந்தப் பெட்டியிலிருந்து கடன் எடுக்க முடிந்தவள் சந்தையில் மாலை ஆறு மணிக்குக் கூடையை விற்றே தீர வேண்டியதில்லை, மறுசந்தைக்கு எடுத்துவருவாள்.

ருவாண்டாவைப் பற்றிச் சொல்லாமல் இத்தலைப்பை முடிக்க இயலாது. 1994இன் இனப்படுகொலைக்குப் பின், ஹூட்டு, டுட்ஸி என இரு இனப் பெண்களும் ஒன்றாக அமர்ந்து "அகாசேக்கே" கூடைகளைப் பின்னினார்கள்; 2005 முதல் அமெரிக்காவின் மேசீஸ் கடைகளில் அவை விற்பனைக்கு வந்தன. அந்தக் கதை உலகை உருக்கியது உண்மை. ஆனால் இரக்கத்தால் ஒருமுறை வாங்குபவர் மறுமுறை வாங்குவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும், சாயம் கையில் ஒட்டக்கூடாது, சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும். கதையைச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவிடலாம்.

கடைசியாக முன்பணம். பெரிய ஆர்டர் கிடைத்தாலும், சரக்கு போய்ச் சேர்ந்த பிறகே பணம் என்றால், புல் வாங்குவதற்கே அவள் தரகரிடம் போய்க் கடன் கேட்க வேண்டியிருக்கும். கடன் கொடுத்தவர் கூடைக்கும் விலை வைத்துவிடுவார். உலக நியாய வணிக அமைப்பின் விதிகளில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கைவினைப் பொருள் செய்பவர் கோரினால், வாங்குபவர் ஆர்டர் தொகையில் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். கோரினால்தான் கிடைக்கும். இப்படி ஒரு விதி இருப்பதைப் பின்னுபவர்களுக்குச் சொல்வதிலிருந்து வகுப்பைத் தொடங்கலாம் என்பது என் யோசனை. வணக்கம்.