பெட்ரோல் டேங்க் மூடி திறக்கவில்லையா? ஆக்சுவேட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம். ரிமோட்டை அழுத்தினால் கதவுகள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன, பெட்ரோல் டேங்க் மூடி மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. இப்படி ஆனால் பலரும் உடனே ஒரு புது ஆக்சுவேட்டர், அதாவது மூடியின் பூட்டை இயக்கும் மின் பாகம், வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் திறக்காவிட்டால்தான் தலைவலி ஆரம்பம். இந்த வீடியோவில் எதையும் வாங்காமல், கரண்ட் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறோம். பல்பு வைத்த ஒரு டெஸ்ட் லைட், ஒரு மல்டிமீட்டர், டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்ற ஒரு பிளாஸ்டிக் நெம்பி, இவ்வளவு போதும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருந்து, அதைத் தூக்கினால் மூடி திறக்கும் என்றால், பெரும்பாலும் அது வெறும் கேபிள். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மின்சாரத்தில் இயங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தனியாக ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சோலினாய்டு என்னும் மின்காந்தச் சுருள் பூட்டு முள்ளை உள்ளே இழுக்கும், ஸ்பிரிங் மூடியை வெளியே தள்ளும். இன்னொன்றில் பட்டனே கிடையாது. கதவுகள் லாக் ஆகும்போது மூடியும் லாக் ஆகும், கதவுகள் திறந்தால் அதுவும் விடுபடும். மூடியின் ஓரத்தை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் வெளியே வந்துவிடும். இதில் முள்ளை நகர்த்துவது ஒரு குட்டி மோட்டார். நான் அதிகம் பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான், ஏனென்றால் சோதிக்கும்போது நம்மை ஏமாற்றுவது அதுதான்.

கருவியை எடுப்பதற்கு முன்னால், கோளாறே இல்லாத சில 'கோளாறுகளை' ஒதுக்கிவிடலாம். சில வண்டிகளில் ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் டிரைவர் கதவு மட்டும்தான் திறக்கும். மூடி திறக்க இரண்டாவது முறையும் அழுத்த வேண்டும். ஓட ஆரம்பித்ததும் தானாக லாக் ஆகும் வண்டிகளில், நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தபடியே இருந்தால் மூடி பூட்டியபடியே இருக்கும். உள்ளிருக்கும் அன்லாக் பட்டனைத் தட்டினால் தீர்ந்தது. பக்கவாட்டில் நகரும் கதவுள்ள வேன்களில், கதவும் மூடியும் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு தடை வைத்திருப்பார்கள். பெட்ரோலிலும், சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடும் பிளக் இன் ஹைபிரிட் வண்டியில் டேங்க் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். பட்டனை அழுத்தியதும் அந்த அழுத்தம் இறங்கிய பிறகுதான் மூடி திறக்கும், அதற்குச் சில நொடிகள் ஆகும். பொறுமையில்லாமல் பட்டனைத் திரும்பத் திரும்பக் குத்துவதில் பயனில்லை.

[காட்சி: மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பவர். வண்டிக்குள் இன்னொருவர் லாக் பட்டனை அழுத்துகிறார்.]

சரி, இப்போது காதுக்கு வேலை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை லாக், அன்லாக் என்று மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் மூடியோடு காதை வைத்துக் கேளுங்கள். கதவுகளின் சத்தம் குழப்பும் என்பதால், மூடியின் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டால் அந்த அதிர்வு தனியாகத் தெரியும்.

இரண்டு அழுத்தலுக்கும் 'டக்' என்று திடமாகக் கேட்டால் கரண்ட் வருகிறது, மோட்டாரும் சுற்றுகிறது. கோளாறு முள்ளில், மூடியின் கொக்கியில், அல்லது துருவேறிய கீலில் இருக்கிறது. சுத்தம் செய்து சிலிகான் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். கிரீஸ் வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 'விர்ர்' என்ற சத்தம் மட்டும் வந்து முள் நகராவிட்டால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. அப்போது ஆக்சுவேட்டரைத் தாராளமாக மாற்றலாம்.

ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் இனி வரும் வேலையெல்லாம்.

பூட்டிய நிலையில் மூடி மாட்டிக்கொண்டிருந்தால், டிக்கியில் டேங்க் இருக்கும் பக்கத்து அட்டையைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் அங்கே அவசரத்துக்கு இழுக்க ஒரு கயிறோ பிளாஸ்டிக் வளையமோ இருக்கும். நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கையோடு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மூடி திறந்தாலும், உள்ளே இருக்கும் டேங்க் கேப்பைத் திறக்காதீர்கள், இறுக்கமாகவே இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கி நிற்கும், சின்னப் பொறி போதும். சோதனை முழுவதையும் டிக்கிக்கு உள்ளிருந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

இனி ஒயருக்கு வருவோம். இந்த மோட்டாருக்குப் பெரும்பாலும் இரண்டே ஒயர்தான். லாக் செய்யும்போது முதல் ஒயரில் பிளஸ், இரண்டாவதில் எர்த், அதாவது மைனஸ். அன்லாக் செய்யும்போது அப்படியே தலைகீழ். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவது அதனால்தான். நிரந்தர பிளஸ் என்று ஒன்றோ, நிரந்தர எர்த் என்று ஒன்றோ இங்கே கிடையாது. மூன்றாவது, நான்காவது ஒயர் இருந்தால் அவை பெரும்பாலும் மூடி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சின்ன ஸ்விட்சுக்குப் போகிறவை.

இதிலிருந்து ஒரு துப்பு கிடைக்கிறது. இரண்டு ஒயர்களில் எது அறுந்தாலும் மோட்டார் இரண்டு திசையிலும் ஓடாது. ஆகவே உங்கள் மூடி லாக் மட்டும் ஆகிறது, அன்லாக் ஆகவில்லை என்றால், ஒயரைத் தேடி அட்டைகளை எல்லாம் கழற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு திசைக்கான கட்டளை வரவில்லை, அல்லது முள் ஒரு பக்கம் சிக்குகிறது. மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சான ரிலேயில் ஒரு காண்டாக்ட் கருகிப் போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

[காட்சி: ஆக்சுவேட்டர் கனெக்டர் கழற்றப்படுகிறது. உள்ளே இரண்டு பின்கள், ஒன்றின் அடியில் பச்சைப் பொடி.]

ஏமாற்றுகிற இடம் இனிமேல்தான். கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறீர்கள். ஒன்றும் காட்டவில்லை. உடனே 'கரண்ட் வரவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த மோட்டாருக்கு கரண்ட் தொடர்ந்து வராது. பட்டனை அழுத்திய அந்தக் கணத்தில், ஒரு நொடிக்கும் குறைவாக வந்து நின்றுவிடும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் எண்ணை மாற்றுவதற்குள் அது போய்விட்டிருக்கும். மீட்டரில் 'MIN/MAX' என்று எழுதிய பட்டன் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், உச்ச அளவைப் பிடித்து வைக்கும்.

இந்த வேலைக்கு என் ஓட்டு டெஸ்ட் லைட்டுக்குத்தான், அதுவும் இழை பல்பு வைத்ததற்கு. ஒரு முனையை ஒரு பின்னிலும், மறு முனையை இன்னொரு பின்னிலும் வையுங்கள். எர்த்துக்கு பாடியைத் தேட வேண்டாம். இப்போது லாக் அழுத்தச் சொல்லுங்கள், பல்பு ஒருமுறை மின்ன வேண்டும். அன்லாக், மறுபடியும் ஒருமுறை. இரண்டுக்கும் பளிச்சென்று மின்னினால் வண்டியின் பக்கம் எல்லாம் சரி, கோளாறு ஆக்சுவேட்டரில்தான்.

எல்.இ.டி. டெஸ்ட் லைட் ஏன் கூடாது என்று கேட்கலாம். அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. பெரும்பாலான இழைகள் அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட அதை எரிய வைத்துவிடும். மல்டிமீட்டரும் அப்படித்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மோட்டாரின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிப்பால் பச்சை பூத்த கனெக்டரில் இன்னொரு 10 ஓம் சேர்ந்துவிட்டது. மோட்டார் கழற்றியிருக்கும்போது மீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடவே இல்லை. மோட்டாரை மாட்டிய உடனே, அந்த 12 வோல்ட்டில் 8 கனெக்டரிலேயே போய்விடும், மோட்டாருக்குக் கிடைப்பது 4. முள் அசையாது. மீட்டர் '12' என்று காட்டியதை நம்பிப் புது ஆக்சுவேட்டர் வாங்கியவரின் கதை இப்படித்தான் ஆகிறது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு பயன்படுத்தினால் இன்னும் நல்லது. அது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும், ஒயரின் உண்மையான பலம் தெரிந்துவிடும். மங்கலாக மின்னினால் வழியில் எங்கோ அரிப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தப் பெரிய பல்பை மோட்டார் ஒயர்களைத் தவிர வேறு எதிலும் வைக்காதீர்கள். ஏர்பேக் ஒயர் பக்கம் போகவே கூடாது.

பட்டன் வகை சோலினாய்டாக இருந்தால் இவ்வளவு சிரமம் இல்லை. ஒரு ஒயர் எர்த், மற்றொன்றில் பட்டனை அழுத்தும்போது பிளஸ் வரும். அல்லது ஒன்றில் எப்போதும் பிளஸ் இருந்து, பட்டன் எர்த்தை இணைக்கும். இங்கும் பல்பு வைத்தே பாருங்கள். பட்டன் டிரைவர் கதவில் இருந்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை முதலில் சந்தேகப்படுங்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒயர்கள் மடங்குகின்றன. வெளியே பிளாஸ்டிக் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். பட்டனை அழுத்திக்கொண்டே அந்தக் குழாயை ஆட்டிப் பாருங்கள், பல்பு விட்டுவிட்டு எரிந்தால் இடம் கிடைத்துவிட்டது.

பல்பு மின்னவே இல்லை என்றால்? ஃப்யூஸ். கதவுகள் வேலை செய்கின்றன என்பதால் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், மூடிக்குத் தனி ஃப்யூஸ் உள்ள வண்டிகளும் உண்டு. எது என்று ஃப்யூஸ் பெட்டி மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ போட்டிருக்கும். போயிருந்தால் அதே அளவுதான் போட வேண்டும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. புதுசும் உடனே போனால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் பாதையை இரண்டாகப் பிரியுங்கள். கதவு லாக்கைக் கட்டுப்படுத்தும் பாடி கன்ட்ரோல் யூனிட்டிலிருந்து அந்த இரண்டு ஒயர்கள் கிளம்பும் இடத்தில் அதே சோதனையைச் செய்யுங்கள். இதற்கு உங்கள் மாடலின் ஒயரிங் வரைபடம் கட்டாயம் வேண்டும், நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். அங்கே மின்னுகிறது, டிக்கியில் மின்னவில்லை என்றால் நடுவில் அறுந்திருக்கிறது. தரைவிரிப்புக்கு அடியில், தண்ணீர் இறங்கி ஊறும் இடங்களில் தேடுங்கள். அங்கேயும் மின்னவில்லை என்றால் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேன் டூலை மாட்டி, அதிலிருந்தே பூட்டை இயக்கிப் பார்க்க வேண்டும். யூனிட்டைக் குற்றம் சொல்வது கடைசியாகத்தான் இருக்கட்டும். விலை ஒருபக்கம் இருக்க, புது யூனிட்டை வண்டியோடு பழக்க புரோகிராமும் செய்ய வேண்டிவரும்.

ஆக்சுவேட்டர்தான் என்று தெரிந்த பிறகும், மாற்றுவதற்கு முன் ஒருமுறை நேரடியாக ஓட்டிப் பார்த்துவிடலாம். அதைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி எடுத்துப் போங்கள். நடுவில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த ஒயரில், முதலில் ஆக்சுவேட்டரின் பின்களை மாட்டிக்கொண்டு, கடைசித் தொடுதலைத் தனி பேட்டரியின் பக்கம் வையுங்கள். பொறி வருவது கடைசியாகத் தொடும் இடத்தில்தான். அரை நொடி தொட்டு எடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் சுருள் கருகிவிடும். பிறகு ஒயரை மாற்றித் தொடுங்கள். முள் இரண்டு பக்கமும் போய்வந்தால் அதை மறுபடியும் மாட்டி, கனெக்டரின் பின்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

உள்ளே தண்ணீரோ துருவோ இருந்தால், மூடிக்குப் பின்னால் இருக்கும் குழியின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ஓட்டையைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் மழைநீர் தேங்கி ஆக்சுவேட்டருக்குள் இறங்கும். அதைத் திறந்துவிடாமல் மாட்டும் புது ஆக்சுவேட்டருக்கும் அதே கதிதான்.

மாட்டி முடித்ததும் மூடியை உடனே சாத்திவிடாதீர்கள். திறந்தபடியே வைத்து லாக், அன்லாக் அழுத்தி, முள் முழு தூரம் போகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு சாத்துங்கள். டிக்கி அட்டையைப் பொருத்தும்போது அவசரக் கயிறு அதற்குப் பின்னால் நசுங்காமல், கைக்கு எட்டும்படி வெளியே எடுத்துவிடுங்கள்.