நூறு பேரில் இரண்டு பேர்: மெக்டவல் கவுண்டியில் வேலை, வருமானம், வறுமை

அனைவருக்கும் வணக்கம். வறுமையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். ஒரே ஒரு ஊரைப் பற்றித்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. மக்கள்தொகையில் பல கவுண்டிகள் நம் தாலுகாவைவிடவும் சிறியவை. பள்ளிக்கூடம், நீதிமன்றம், ஷெரிஃப், சொத்து வரி எல்லாம் அதன் பொறுப்பு.

1950 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் 98,887 பேர் இருந்தார்கள். 2020இல் 19,111 பேர். எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காலி. போரும் இல்லை, அணை கட்டி ஊரை மூழ்கடிக்கவும் இல்லை. வேலை போயிற்று, அவ்வளவுதான்.

அந்த நாட்டில் வறுமையைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் கவுண்டியைத் தாண்டிப் போக முடியாது. 1960இல் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வுக்காக மேற்கு வர்ஜீனியாவைச் சுற்றி வந்த ஜான் கென்னடி, இங்கே சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் பார்த்த பசியை மறக்கவில்லை. பதவியேற்ற மறுநாளே உணவு உதவியை அதிகப்படுத்தி ஆணை போட்டார். 1961 மே 29 அன்று, கவுண்டித் தலைநகரான வெல்ச்சில், வேளாண்மைத் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமன், வேலையிழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்புள்ள ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவுக் கூப்பன்களைக் கொடுத்தார். வீட்டில் மொத்தம் 15 பேர். புதிய திட்டத்தின் முதல் பயனாளிகள் அவர்கள்தான். அந்தக் கூப்பனை வைத்து முதலில் வாங்கியது பன்றி இறைச்சி கலந்த பீன்ஸ் டப்பா ஒன்று. இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் சாப்பிடும் உணவு உதவித் திட்டம் தொடங்கிய இடம் இது.

இப்போது ஒரு கேள்வி வரும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசு பணம் போட்டும் அந்த ஊர் ஏன் எழுந்திருக்கவில்லை? வழக்கமான பதில் உங்களுக்கே தெரியும்: உதவி கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள். அங்கேயும் இதைச் சொல்ல ஆள் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்த மலைகளுக்கு அடியில் இருப்பது சாதாரண நிலக்கரி அல்ல. போக்கஹோன்டஸ் படுகை என்று பெயர். சுட்டுக் கோக் என்ற எரிபொருளாக்கி இரும்பு உருக்குவதற்கு உலகத்திலேயே சிறந்த கரிகளில் ஒன்று. 1880களில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் பாதை இந்தப் பகுதிக்குள் நுழைந்தது. அப்புறம் ஆட்கள் வந்தார்கள். ஹங்கேரியிலிருந்து, இத்தாலியிலிருந்து, அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள். கிம்பல் என்ற சிற்றூரில் 1928இல் திறந்த ஒரு நினைவுக் கட்டடம் இன்றும் இருக்கிறது. முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காகக் கட்டியது. தெற்கே வாக்களிக்க முடியாதவர்கள் இங்கே வாக்களித்தார்கள், சங்கத்தில் சேர்ந்தார்கள். பணப்புழக்கத்துக்கும் குறைவில்லை. நகராட்சியே சொந்தமாகக் கார் நிறுத்தக் கட்டடம் எழுப்பிய முதல் அமெரிக்க ஊர் வெல்ச், ஆண்டு 1941. கார் நிறுத்த இடமில்லாத அளவுக்கு அந்தத் தெருக்களில் கூட்டம்.

ஆனால் அந்தச் செல்வம் யாருடையது? வீடு கம்பெனியுடையது. கடை கம்பெனிக் கடை. சம்பள நாளுக்கு முன்பே கை வறண்டால், கம்பெனியே அச்சடித்த ஸ்கிரிப் என்ற காசைக் கடனாகக் கொடுக்கும். அது அந்தக் கடையில்தான் முழு மதிப்புக்குச் செல்லும். நிலமும், நிலத்துக்கு அடியில் உள்ள கரியும் வெளியூர் நிறுவனங்களுடையவை. இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2013இல் மேற்கு வர்ஜீனியாவின் நில உடைமை பற்றி ஓர் ஆய்வு வந்தது. மெக்டவல் உட்படச் சில கவுண்டிகளில் தனியார் நிலத்தில் பாதியாவது முதல் பத்து உடைமையாளர்கள் கையில் இருப்பதாக அது சொன்னது. மலைப்பள்ளத்தாக்கில் சமநிலம் இருப்பதே கொஞ்சம். அதுவும் பிறர் கையில். புதிதாக ஒரு தொழிற்சாலை, ஒரு குடியிருப்பு, ஏன், ஆசிரியருக்கு வாடகை வீடு கட்டக்கூட எங்கே போவது? ஓடையை ஒட்டிய குறுகலான பட்டையில்தான் கட்ட வேண்டும். வெள்ளம் முதலில் ஏறுவதும் அங்கேதான். 2001இல் ஏறியது, 2002இல் ஏறியது, 2025 பிப்ரவரியில் மறுபடி ஏறியது.

வேலை எப்போது போயிற்று? நிலக்கரியின் காலம் முடிந்ததால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய அடி விழுந்தது அதற்கு வெகுகாலம் முன்பே. 1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளுடன் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். நல்ல கூலி, மருத்துவ நிதி, ஓய்வூதியம் கிடைக்கும். பதிலுக்கு இயந்திரங்களைச் சங்கம் தடுக்காது. வேலையில் நீடித்தவருக்கு அது நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் 1940களின் கடைசியில் மாநிலம் முழுக்க ஒன்றேகால் லட்சம் அளவில் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள் 1960களின் தொடக்கத்தில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். கரி வந்துகொண்டுதான் இருந்தது. அதை வெட்டும் கைகள்தான் தேவைப்படவில்லை. கென்னடி பார்த்த பசி இதனால் வந்தது.

அடுத்த அடி 1980களில். அமெரிக்க எஃகு ஆலைகள் இறக்குமதியோடு போட்டி போட முடியாமல் படுத்தன. இதே கவுண்டியில் கேரி என்ற ஊரையே உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1986இல் அங்கே சுரங்கங்களை மூடியது. 1,200க்கும் மேற்பட்ட வேலைகள் ஒரே ஊரை ஒட்டிப் போயின. 1980இல் ஏறத்தாழ ஐம்பதாயிரமாக இருந்த கவுண்டி மக்கள்தொகை 1990இல் முப்பத்தைந்தாயிரம்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வில்லியம் மார்லண்ட், 1953இல் மேற்கு வர்ஜீனியா ஆளுநரானவர். பதவியேற்ற சில நாட்களிலேயே சட்டமன்றத்தில் ஒரு யோசனை வைத்தார். பூமியிலிருந்து எடுக்கும் இயற்கை வளத்துக்கு, எடுக்கும்போதே ஒரு வரி. அந்தப் பணம் பள்ளிக்கும் சாலைக்கும். கரி ஒருமுறை போனால் திரும்பி வராது, போகும்போதே மக்களுக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கணக்கு. நிலக்கரித் தரப்பு சும்மா இருக்குமா? யோசனை தோற்றது. அவருடைய அரசியல் வாழ்க்கையும் அதிலிருந்து மீளவில்லை. இரண்டு முறை செனட் தேர்தலில் தோற்றார், குடியில் விழுந்து எழுந்தார். 1965இல் ஒரு பத்திரிகையாளர் அவரைச் சிகாகோவில் கண்டுபிடித்தபோது டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவர் கேட்டது போன்ற வரி ஒழுங்காக வந்தது 1980களில்தான். அதற்குள் மெக்டவலின் நல்ல கரியில் எவ்வளவு வெளியே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கவுண்டியின் வறுமைக்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், அந்த 1953 தோல்வியைத்தான் நான் சொல்வேன்.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். அங்கே மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால், நடுவில் வரும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் முப்பதாயிரம் டாலர் அளவில்தான். நாடு முழுவதற்கும் அது எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. "முப்பதாயிரம் டாலரா, பரவாயில்லையே" என்று ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். அங்கே வாழ்கிறவர் டாலரில்தான் ரொட்டி வாங்குகிறார்.

அந்த வறுமைக்கோடு வந்த விதமும் தெரிந்திருக்க வேண்டும். 1960களில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் இருந்த மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற அம்மையார் போட்ட கணக்கு அது. அன்றைய குடும்பம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டது. எனவே மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கினால் கோடு கிடைக்கும். இன்றும் அதே அடிப்படைதான், விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொள்கிறார்கள். வாடகை, மருத்துவம், கார் எதுவும் தனியாக அதில் இல்லை. மலைக்கவுண்டியில் கார் இல்லாவிட்டால் வேலைக்கும் போக முடியாது, மருத்துவரிடமும் போக முடியாது.

இன்னொரு எண் இதைவிட மோசமாக ஏமாற்றும். வேலையின்மை விகிதம். மெக்டவலில் அது சில ஆண்டுகளில் 6, 7 சதவீதம் என்று நிற்கும். பார்த்தால் பெரிய ஆபத்து ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த விகிதத்தில் சேர்வது இரண்டே வகை ஆட்கள்: வேலையில் இருப்பவர், கடந்த நான்கு வாரங்களில் முனைந்து வேலை தேடியவர். மற்றவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அங்கே 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் அளவில்தான் இந்த இரண்டு வகைக்குள் வருகிறார்கள்; நாடு முழுவதும் 60க்கும் மேல். எண்ணிப் பாருங்கள். நூறு பேர், அதில் 30 பேர் கணக்கில். 28 பேருக்கு வேலை, 2 பேர் தேடுகிறார்கள். விகிதம் 7 சதவீதத்துக்கும் கீழே! மீதி 70 பேர்?

அந்த 70 பேரில் முதியவர்கள் நிறைய. படிக்கும் பிள்ளைகள் உண்டு. 2010இல் திறந்த மத்தியச் சிறையின் கைதிகளும் மக்கள்தொகையில் சேர்க்கப்படுகிறார்கள். அதையும் நேர்மையாகக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பெரும்பகுதி, உடம்பு போனவர்களும் நம்பிக்கை போனவர்களும். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சே கடினமாகும் நோயைக் கருநுரையீரல் என்பார்கள். 1968இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அதையடுத்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் 1969இல் அந்த நோய்க்கு இழப்பீடு கிடைக்க மத்திய சட்டம் வந்தது. முதுகு போனவருக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையே பின்னால் அடுத்த தலைமுறையைக் கொண்டுபோயிற்று. பெற்றோர் போதையில், பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டில். பாட்டியின் ஓய்வூதியத்தில் பேரன் படிக்கிறான். 2010 கணக்கில் இந்தக் கவுண்டி ஆண்களின் சராசரி ஆயுள் 64 ஆண்டுகளைத் தொடவில்லை. சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி, வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் ஏறத்தாழ 82. ஒரே நாடு, பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள்.

ஊரை விட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். ஐந்தில் நான்கு பேர் போய்விட்டார்களே! டெட்ராய்ட்டுக்கும் கிளீவ்லாந்துக்கும் போனார்கள், போகக்கூடியவர்கள் எல்லாரும் போனார்கள். இருப்பவர்கள், கம்பெனி விற்றுவிட்டுப் போன வீட்டை வாங்கி, இன்று அதை விற்க ஆளில்லாமல் இருப்பவர்கள். விலைபோகாத வீடானாலும் வாடகை இல்லை. நகரத்துக்குப் போனால் முதல் மாதமே முன்பணம் கேட்பார்கள்.

2016 ஜனவரியில் கிம்பலில் இருந்த வால்மார்ட் மூடியது. நாடு முழுவதும் 154 கடைகளை மூடியதில் அதுவும் ஒன்று. நம் ஊரில் பெரிய கடை வந்தால் சிறுகடை அழியும் என்று போராடுவோம், சரிதான். அங்கே நடந்தது அதன் அடுத்த கட்டம். கடை வந்தது, மற்றவை படுத்தன, பிறகு அதுவும் போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட வேலையோடு, பக்கத்தில் உள்ள உணவு வங்கிக்கு அந்தக் கடை கொடுத்துவந்த மிச்ச உணவும் நின்றது.

கவுண்டி மக்களின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ பாதி அரசிடமிருந்து வருகிறது: ஓய்வூதியம், உடல் இயலாமைத் தொகை, மருத்துவ உதவி, உணவு உதவி. இதைப் பார்த்துத்தான் சோம்பேறிப் பேச்சு எழுகிறது. என் பார்வையில் அதில் பெரும்பகுதி ஏற்கெனவே உழைத்து முடித்ததற்கான பாக்கி. இதை ஏற்காதவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். 2016இல் மேற்கு வர்ஜீனியா அரசே ஒரு சோதனை செய்தது. வேலைவாய்ப்பு ஓரளவு நன்றாக இருந்த 9 கவுண்டிகளில், குழந்தைகள் இல்லாத, உடல் நலமுள்ளவர்கள் வேலை செய்தால்தான் தொடர்ந்து உணவு உதவி என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் உதவியை இழந்தார்கள். வேலைக்குச் சேர்ந்தவர் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று மாநிலத் துறையே எழுதியது. அதற்குப் பிறகும் 2018இல் அந்த விதியை மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கினார்கள்.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இதை நாடு முழுவதும் இறுக்குகிறது. முன்பு 54 வயதோடு நின்ற விதி இப்போது 64 வரை. மாதம் 80 மணி நேர வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும்; இல்லையென்றால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உணவு உதவி. வேலையே இல்லாத ஊர்களுக்கு விலக்கு கேட்கலாம். ஆனால் அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற இடங்களில் வேலையின்மை விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும்.

எந்த விகிதம்? முன்னே போட்டோமே, அதே விகிதம். நம் நூறு பேரில், ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர்களில் 10 பேர் நாளைக்கே "வேலை தேடுகிறேன்" என்று வெளியே வந்தால், 40 பேரில் 12 பேருக்கு வேலையில்லை, 30 சதவீதம். வராமல் இருந்தால் 7 சதவீதத்துக்கும் கீழே, விலக்கு கிடையாது. அந்த ஊரில் வேலை கிடைக்காது என்பதை எவ்வளவு பேர் உறுதியாகப் புரிந்துகொள்கிறார்களோ, அவ்வளவுக்கு அங்கே வேலை இருப்பதாகக் காகிதம் சொல்லும்.