ஊசி போட்ட பிறகு ஓர் அரைமணி

நேயர்களுக்கு வணக்கம். செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். புதன்கிழமைதோறும் மாணவிகளைக் கிராமங்களுக்குத் தடுப்பூசி போட அழைத்துப் போவேன்.

ஊசி போடும் கைப்பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி) என்றால் இடது தொடையின் வெளிப்பக்கம், அரை மில்லி. குப்பி லேபிளில் வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால்தான், அதாவது சூடு பட்டு மருந்து கெடாமல் இருந்தால்தான், எடுக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் படிந்துவிடும். ஊசி போட்டபின் குழந்தையை அரைமணி நேரம் உட்காரவைக்கிறோமே, அப்போது தாயிடம் என்ன பேசுவது? அங்கேதான் திணறுவார்கள்.

ஒரு முறை ஆறாவது வார ஊசிக்கு வந்த தாய், "காய்ச்சல் வருமா சிஸ்டர்?" என்று கேட்டாள். என் மாணவி, "ஒண்ணும் ஆகாதும்மா" என்றாள். பயமுறுத்தக் கூடாதே என்ற நல்லெண்ணம். பக்கவிளைவை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான்! அன்று ராத்திரி குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பத்தாவது வாரம் அடுத்த தவணைக்கு அந்தத் தாய் வரவில்லை.

கிராம சுகாதாரச் செவிலியரோடு வீட்டுக்கே போனோம். "நல்லா இருந்த புள்ளையப் படுக்கப் போட்டுட்டீங்களே" என்று பாட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். செவிலியர் மறுத்துப் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "காய்ச்சல் வரும்னு நாங்க சொல்லியிருக்கணும். தப்பு எங்க மேலதான் ஆத்தா" என்றார். பிறகு பாட்டியின் கையைப் பார்த்து, "இது என்ன தழும்பு?" என்றார்.

"அம்மை குத்துனது. மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பெரியம்மை வரலை."

இந்தியாவில் பெரியம்மை ஒழிந்து சுமார் அரை நூற்றாண்டு ஆகிறது. கடைசியாகப் பரவியது 1975இல். என் மாணவிகளில் ஒருத்திகூட அந்தத் தடுப்பூசித் தழும்பைப் பார்த்ததில்லை. சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். பாட்டிக்கு ஒரே பெருமை.

தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். அடுத்த புதன்கிழமை குழந்தையைத் தூக்கி வந்தது பாட்டிதான்.

அதே மாணவி பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம் ஆத்தா. ஊசி போட்ட எடத்தத் தேய்க்காதீங்க, சுடு ஒத்தடம் வேண்டாம். நாங்க சொல்ற அளவுல காய்ச்சலுக்கான சொட்டு மருந்து குடுங்க. ரெண்டு நாளைக்கு மேல காய்ச்சல் நின்னாலோ, புள்ள பால் குடிக்கலைன்னாலோ உடனே கூப்பிடுங்க" என்றாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார் பாட்டி.