ஓடினால் ஏன் போதை ஏறுவதில்லை?

இந்த வாரம் ஒரு நேயர் கேட்ட கேள்வியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். "ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்க வைத்தால் ஆல்கஹால் வருகிறது. வேகமாக ஓடும்போது நம் தசையும் அதைத்தானே செய்கிறது, நமக்கு ஏன் போதை ஏறுவதில்லை?"

சரி, மறுபடியும் என் பழைய பல்லவிதான். நொதித்தலில் செல்லுக்குக் கிடைக்கவேண்டிய 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்), ஒரு குளுக்கோஸ் உடைந்து பைருவேட் என்ற மூன்று கார்பன் மூலக்கூறுகள் ஆகும்போதே கிடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் லாக்டேட்டோ ஆல்கஹாலோ ஆவதில் புதிதாக ஆற்றல் எதுவும் வராது. பிறகு எதற்கு அந்த வேலை? என்ஏடி என்ற மூலக்கூறுதான் குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜனைச் சுமந்து வருகிறது. நிரம்பிய குடத்தைக் கொட்டினால்தானே மறுபடி மொண்டுவர முடியும்? ஆக்ஸிஜன் பற்றாதபோது அந்த ஹைட்ரஜனைக் கொட்ட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

தசை அதை நேராகப் பைருவேட்டிலேயே கொட்டுகிறது, லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் வடிவம்) ஆகிறது. ஈஸ்ட் முதலில் பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி, மிச்சமிருக்கும் அசிட்டால்டிஹைடில் கொட்டுகிறது, ஆல்கஹால் ஆகிறது. அப்படிக் கழற்றும் நொதி நம்மிடம் இல்லை. இல்லாததும் நல்லதுதான். லாக்டேட்டில் மூன்று கார்பனும் அப்படியே இருப்பதால், கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸ் ஆக்கிக்கொள்ளும். ஆல்கஹாலாகப் போனால் போனதுதான்.

ஆனால் முதுகெலும்பிகளிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தங்கமீனும் அதன் உறவான குருசியன் கெண்டையும் ஆக்ஸிஜன் இல்லாத நீரில் தசையிலேயே ஆல்கஹால் தயாரித்துச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும். பனி மூடிய குளத்தில் மாதக்கணக்கில் கிடக்கும்போது லாக்டிக் அமிலம் உடலில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே கார்பனை இழப்பதுதான் புத்திசாலித்தனம்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: ஆக்ஸிஜன் இருக்கும்போதும் ஒரு செல் ஏன் நொதிக்க வைக்கிறது? நம் இரத்தச் சிவப்பணுவையே பாருங்கள். உடல் முழுக்க ஆக்ஸிஜனைக் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை. ஆனால் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதற்குள் கிடையாது. சுமக்கும் ஆக்ஸிஜனைத் தன் ஆற்றலுக்குப் பயன்படுத்த வழியில்லை, காலமெல்லாம் லாக்டேட்தான். ஈஸ்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. மைட்டோகாண்ட்ரியா இருந்தும், சர்க்கரை அதிகமாகக் கிடைத்தால், ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டே ஆல்கஹால் தயாரிக்கும். இதை யாராவது கேளுங்களேன், ஒரு முழுக் காணொளியே போடலாம்.